மாலையும் கடப்பாரையும்

தத்தனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திறல்கேசரி மன்னன் இறந்து நூறு ஆண்டுக்கு மேலாகிறது. ஏரிக்கரையில் நிற்கும் அவன் சிலையை விட்டுவைப்பதா, உடைப்பதா என்று ஊர் இப்போது இரண்டுபட்டுக் கிடந்தது. ஒரு கூட்டம் மாலையோடு வந்தது. இன்னொரு கூட்டம் கடப்பாரையோடு. பௌர்ணமியன்று சபையில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தத்தனுடையது.

கோயில் கல்வெட்டைப் படித்த கையோடு ஆசான் வேலங்காடரிடம் ஓடி வந்தான்.

“ஐயா, அவன் மாவீரன்! நெல்லிமலையை வென்றான், ஏரி வெட்டினான். கல்லிலேயே இருக்கிறது. சிலை நிற்கட்டும்!”

“கல்லில் எழுதச் சொன்னது யார்?”

“அவன்தான்.”

“தன் கல்யாணத்துக்குத் தானே வாழ்த்துப் பாடியிருக்கிறான்.”

தத்தன் நெல்லிமலைக்கு ஓடினான். அங்கே கேசரியின் பெயரைச் சொல்லித்தான் அழுகிற பிள்ளையை அடக்கினார்கள். தொட்டிலை ஆட்டியபடி ஒருத்தி பாடினாள்:

ஊரை எரிச்சுப் போட்டான், கண்ணே,
உன் பாட்டன் தலையில மண்கூடை வச்சான்.

மூச்சிரைக்கத் திரும்பினான்.

“ஐயா, அவன் அரக்கன்! உடைத்துவிடலாம்!”

“அன்றைக்கு இடக்காலில் நொண்டினாய். இன்றைக்கு வலக்காலில்.”

தத்தன் தலையைச் சொறிந்தான். சட்டென்று துள்ளினான்.

“பிடித்துவிட்டேன், ஐயா! எரித்த ஊர் ஒரு தட்டில், வெட்டிய ஏரி மறு தட்டில். சரிக்குச் சரி! பாதி நல்லவன், பாதி கெட்டவன்!”

“அப்படியா? வீடு எரிந்தவளின் பேத்திக்கு இரண்டு குடம் ஏரித் தண்ணீர் கொடுத்து, ‘நேராகிவிட்டது தாயே’ என்று சொல்லிவிட்டு வா.”

அன்று பௌர்ணமி. ஏரிக்கரையில் சபைக்கு முரசு கொட்டியது. இருவரும் கரைக்கு நடந்தார்கள். கூட்டம் இரைந்துகொண்டிருந்தது.

ஆசான் ஏரியில் கைவிட்டு அள்ளி நீட்டினார். “குடி.”

குடித்தான். “இனிக்கிறது, ஐயா.”

“வெட்டியது யார்?”

“திறல்கே…”

தொட்டில் பாட்டு காதில் ஒலித்தது. தலையில மண்கூடை. தத்தன் கரையைப் பார்த்தான். கூடை கூடையாய்ச் சுமந்து கொட்டிய மண், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நீண்டு கிடந்தது.

“ஐயா, நான் அவனைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.”

கூட்டத்தில் ஒருவன் கடப்பாரையைத் தூக்கினான். “தீர்ப்பு என்ன, தத்தா? நிற்கட்டுமா, விழட்டுமா?”

தத்தன் ஆசானைப் பார்த்தான்.

“சிலையின் கையில் என்ன இருக்கிறது?” என்றார் அவர்.

“வாள்.”

“கூடை எங்கே என்று முதலில் சபையைக் கேள்.”