கப்பியின் தடிமன்

கோமதிநாயகம் ஐம்பது வயதுக்கு மேல்தான் ரெஜினாவிடம் சீடராகச் சேர்ந்தார். ரெஜினா அவரைவிட இளையவர். பாளையங்கோட்டையில் ஒரு வாடகை மாடியில் கேட் (CAD) மென்பொருள் சொல்லிக்கொடுத்துவந்தார். வரிவரியாக எழுதினால் உருவம் வரைந்து தரும் மென்பொருள் அது. அந்த உருவத்தை அச்சுப்பொறியில் கொடுத்தால் பிளாஸ்டிக் பொருளாகவே அச்சடித்துத் தரும். யாருக்கும் இலவசம். யாரும் திறந்து திருத்தலாம்.

அதற்குத் தமிழில் பாடம் எழுதும் வேலையைக் கோமதிநாயகம் எடுத்துக்கொண்டார். போனிலேயே ஓடும் பாடங்கள். மேலே ஒரு பத்தி விளக்கம். கீழே ஒரு கட்டத்துக்குள் சில வரிகள். படிப்பவர் அந்த வரியில் ஓர் எண்ணை மாற்றி ஓடவிட்டால் அங்கேயே உருவம் மாறும்.

ஆறாவது பாடம் கிணற்றுக் கப்பி, வாளிக் கயிறு ஓடும் சக்கரம். அதன் முதல் வரியை அவர் இப்படி எழுதியிருந்தார்: "பயப்படாமல் எண்ணை மாற்றிப் பாருங்கள். எதுவும் உடைந்துவிடாது."

ஒரு நாள் காலையில் போன் வந்தது.

"சார், ஆவுடையம்மாள் பேசுதேன். கடையம் பக்கம். உங்க பாடத்தைப் பாத்துக் கப்பி செஞ்சேன்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"டவுன்ல பிளாஸ்டிக்ல அச்சடிச்சு வாங்குனோம். வாளிக்கு நல்லாத்தான் ஓடிச்சு. போன மாசம் தூர் வாரணும்னு எங்க வீட்டுக்காரரு அதே கப்பியில கயித்தைப் போட்டு இறங்குனாரு. பாதியில கப்பி பிளந்துட்டு."

கோமதிநாயகம் எழுந்து நின்றுவிட்டார்.

"அவருக்கு..."

"போயிட்டாரு சார்."

அவள் குரலில் அழுகை இல்லை.

"தடிமன் பன்னெண்டு மில்லின்னு நீங்க போட்டிருந்தீங்க. மெல்லிசா இருந்தா லேசாச் சுத்தும்னு நான்தான் எட்டாக்குனேன். நான்தான் கொன்னேன்னு எங்க அத்தை சொல்லுதாவ. எத்தனை போட்டிருக்கணும் சார்? ஒவ்வொரு எண்ணாப் போட்டுப் பாக்கேன். எல்லாத்துக்கும் படம் நல்லாத்தான் வருது."

பிறகு கூப்பிடுவதாகச் சொல்லிக் கோமதிநாயகம் போனை வைத்தார். கூப்பிடவில்லை. ஆறாவது பாடத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு ரெஜினாவிடம் போனார். நடந்ததைச் சொன்னார்.

"பாடத்தை அழிச்சிட்டேன் டீச்சர்."

ரெஜினா கணினியில் தேடினார். திரையை அவர் பக்கம் திருப்பினார். ஏதோ ஒரு கல்லூரியின் பக்கத்தில் ஆறாவது பாடம் இருந்தது. இன்னோரிடத்தில் தெலுங்கில் இருந்தது. வேறொருவர் அந்த முதல் வரியை மட்டும் பெரிய எழுத்தில் பூ வரைந்து போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொடுத்தவர் கோமதிநாயகம்தான்.

"அந்தப் பிள்ளை ஒரு எண் கேட்டாளே. என்ன சொன்னீங்க அண்ணாச்சி?"

"எனக்குத் தெரியாது டீச்சர்."

"வாங்க."

இரும்புக் கடையில் கப்பியை மாட்டும் சட்டம் ஒன்று வாங்கி மொட்டைமாடிக் குழாயில் கட்டினார்கள். பாடத்தில் இருந்த கப்பியையே வேறுவேறு தடிமனில் அச்சடித்து, கிணற்றடியில் கிடப்பதுபோல வெயிலில் போட்டுவைத்தார்கள். சில வாரம் கழித்து, ஒரு ஆள் கனத்துக்கு மணல்மூட்டை கட்டித் தொங்கவிட்டார்கள்.

எட்டு உடனே பிளந்தது.

பன்னிரண்டு தாங்கியது. ரெஜினா கயிற்றைக் கொஞ்சம் இழுத்துச் சட்டென்று விட்டார், கால் வழுக்கிய ஆள் தொங்குவதுபோல. அதுவும் பிளந்தது.

"இன்னும் தடியா இருக்கா?"

சட்டத்துக்குள் நுழையக்கூடியதிலேயே தடியானதைக் கோமதிநாயகம் மாட்டினார். அது மூன்று உலுக்கலுக்கு நின்றது. அடுத்ததில் அடுக்கடுக்காகப் பிரிந்து தெறித்தது. ஒரு சில்லு அவர் புருவத்தைக் கிழித்தது. ரெஜினா ஒரு துணியை நீட்டினார்.

"இதுக்கு மேல?"

"சட்டத்துக்குள்ள போகாது டீச்சர்."

"அப்ப?"

துணியை நெற்றியில் அழுத்தியபடி அவர் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார்.

"எந்த எண்ணைப் போட்டிருந்தாலும் அந்த மனுஷன் விழுந்திருப்பாரு."

அன்றே உட்கார்ந்து பாடத்தைத் திருத்தி எழுதினார். முதல் வரியை நீக்கினார். உடைந்த கப்பிகளின் படங்களை எண்ணோடு சேர்த்துப் போட்டார். ஆளை இறக்க இது ஆகாது என்று கட்டத்துக்கு மேலேயே எழுதினார். நகல் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தகவல் அனுப்பினார். சிலர் மாற்றினார்கள். மாதம் ஒன்றாகியும் பலர் பதிலே போடவில்லை.

"எல்லாரும் மாத்தி முடிக்கட்டும் டீச்சர். பெறகு அந்தம்மாவைப் போய்ப் பாக்கேன்."

ரெஜினா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"கடையம் பஸ் இப்ப இருக்கு."

"நீங்க எதுக்கு டீச்சர் அலையணும்?"

"அந்தப் பாடத்தைப் படிச்சுட்டு நல்லா இருக்குன்னு சொன்னது நான்."

ஆவுடையம்மாள் பாயை விரித்துப் போட்டாள். மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வந்தவர்களைப் பார்க்கவில்லை.

கோமதிநாயகம் பாயில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க எட்டாக்குனதால இல்லம்மா. பன்னெண்டும் உடைஞ்சுது. அதுக்கு மேலயும் உடைஞ்சுது. நாங்க போட்டுப் பாத்துட்டோம். உங்க புருஷனைத் தாங்கியிருக்கக்கூடிய எண்ணே அதுல இல்ல."

மாமியாரின் தலை மெல்லத் திரும்பியது.

ஆவுடையம்மாள் அவரையே பார்த்தாள். புருவத்துத் தழும்பைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அதை ஏன் சார் பாடத்துல வச்சீங்க?"

அவர் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வட்டம், துளை, பள்ளம் மூணையும் ஒரே உருவத்துல சொல்லிக்குடுக்க லேசா இருந்துச்சும்மா. படமும் பாக்க நல்லா இருந்துச்சு."

அவள் எழுந்து உள்ளே போனாள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். உள்ளே முதலில் ஒரு குரல் அழுதது. பிறகு இரண்டு.

இருவரும் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். அங்கே நிழல் இல்லை. தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தபோது கோமதிநாயகம் வந்த வழியே திரும்பினார்.

"டீச்சர், மன்னிப்பே கேக்காம வந்துட்டேன். ஒரு நிமிஷம் நில்லுங்க. ஓடிப் போய்க் கேட்டுட்டு வாரேன்."

"அவ கேட்டதையெல்லாம் குடுத்துட்டீங்க அண்ணாச்சி. இப்பப் போனா, உங்களுக்காக நீங்க அவகிட்ட ஒண்ணு கேக்கப் போறீங்க."

பஸ் வந்து நின்றது. அவர் ஏறினார்.