செந்தேரிக் கோழி சிவந்த கதை

முன்னொரு காலத்துல ஒரு சீமை இருந்துதாம். மேக்கால பூரா செக்கச் செவேல்னு மணல் மேடா தேரிக்காடு, கிழக்கால பூரா வெள்ளை வெளேர்னு கடல் மணல். அந்தச் சீமையில செந்தேரி, செந்தேரின்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல பூரணம்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்ல, பிள்ளைகுட்டி இல்ல, அவளுக்கு எல்லாமே கோழிதான். விடியக்காலம் எந்திரிச்சு கூட்டத் தொறந்துவிட்டான்னா, "போங்க மக்கா, மேஞ்சிட்டு வாங்க"ன்னு சொல்லித்தான் விடுவா. அவ கோழி முட்டைன்னா அடுத்த ஊர்லயிருந்து வந்து வாங்கிட்டுப் போவாக. அதுல அவளுக்கு ஒரு மெதப்பு உண்டு. இருக்கட்டுமே, உழைக்கிறவளுக்கு இல்லாத மெதப்பு வேற யாருக்கு?

அந்தச் சீமைய ஆண்ட ராசா நல்ல மனுசன்தான். ஆனா ஒரு கிறுக்கு உண்டு. அவருக்கு எல்லாம் வெள்ளையா இருக்கணும். குதிரை வெள்ளை, பசு வெள்ளை, தலைப்பா வெள்ளை, பூசணிக்காகூட வெள்ளைதான் வேணும்பாரு. ஒரு நாள் திடீர்னு அவருக்கு யோசனை வந்துது. வருசா வருசம் நடக்கிற அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு சேவல் குடுக்கிற வழக்கம் அங்க உண்டு. வாரதெல்லாம் கருப்பும் சிவப்பும் புள்ளியுமா கலந்து வருது. அது அவர் கண்ணுக்குப் பிடிக்கல. "இனிமே நம்ம சீமையில வெள்ளைக் கோழி தவிர வேற கோழி இருக்கப்படாது"ன்னு தண்டோரா போட்டுட்டாரு.

இந்த வேலைய ஆருக்குக் குடுத்தாரு? ஆதிமூலம்னு ஒரு விசாரிப்புக்காரன். அவன் தெருத்தெருவா வந்து வேற நெறக் கோழியெல்லாம் பிடிச்சிட்டுப் போனான், வீட்டுக்குப் பத்து வெள்ளைப் பெட்டையும் ஒரு வெள்ளைச் சேவலும் குடுத்தான். பூரணம் அழுதா. பின்ன அழ மாட்டாளா? ஆனா அழுதுட்டே அந்த வெள்ளைக் கோழிக்கும் குருணை போட்டா. பசிக்கிற வயித்துக்கு நெறம் தெரியுமா என்ன?

பொறவு என்னாச்சு? முதல் வருசம் அடை வச்சா. முப்பது குஞ்சு பொரிச்சுது. இருபத்தேழு வெள்ளை, மூணு மட்டும் துருப்பிடிச்ச மாதிரி ஒரு சிவப்பு. "வெள்ளைக்கும் வெள்ளைக்கும் எப்படி சிவப்பு பொறக்கும்?"னு கேக்காதிய. உங்க வீட்டுலயே பாருங்க, நேர்முடிக்காரி வயித்துல ஒண்ணு மட்டும் சுருட்டை முடியோட பொறக்குதுல்லா? எந்தப் பூட்டி முடியோ, ரெத்தத்துல ஒளிஞ்சு கெடந்து எட்டிப் பாக்குது. சில நேரம் எந்தப் பூட்டிக்கும் இல்லாத புதுசாவும் ஒண்ணு வரும். ஆரும் கேட்டு வாரதில்ல, அது பாட்டுக்கு வரும்.

தேரின்னா பருந்து இல்லாமலா? மேல கள்ளப்பருந்து வட்டம் போடும். தாய்க்கோழி கத்தும். குஞ்செல்லாம் மண்ணோட மண்ணாப் படுக்கும். வெள்ளையும் படுக்கும், சிவப்பும் படுக்கும், அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா செம்மண்ணுல வெள்ளைக் குஞ்சு படுத்தா எப்படி இருக்கும்? செஞ்சாந்துத் தரையில சோத்துப் பருக்கை கெடந்த மாதிரி பளிச்சுன்னு இருக்கும். வந்துது, தூக்குச்சு, போச்சு. வந்துது, தூக்குச்சு, போச்சு. பூரணம் கம்பத் தூக்கிட்டு ஓடி ஓடி ஓஞ்சுபோனா. வருசக் கடைசியில எண்ணிப் பாத்தா, குஞ்சுல வெள்ளை நாலும் சிவப்பு மூணும்தான் மிச்சம்.

ரெண்டாம் வருசம் அந்த ஏழுல ஒரு சிவப்புச் சேவல் போக, மத்ததெல்லாம் முட்டை இட்டுது. சிவப்புக் கோழி முட்டையில பெரும்பாலும் சிவப்பே வந்துது. பொரிச்சதுல பாதிக்குப் பாதி சிவப்பு. மறுபடி பருந்து, மறுபடி வெள்ளைதான் போச்சு. மூணாம் வருசம் அடை வச்சா, பொரிச்சதுல ஒண்ணு ரெண்டு தவிர மத்ததெல்லாம் தேரி மண்ணு நெறம். அரண்மனையில குடுத்த பழைய கோழியெல்லாம் கிழடாச்சு, பாதிய நரியும் கொண்டுபோயிட்டு. முத்தத்துல கோழி மேயுதா மண்ணு நகருதான்னு தெரியாத அளவுக்கு ஆயிட்டு. பூரணம் இடுப்புல கைய வச்சு நின்னு பாத்தா. அவளுக்குப் பெருமைன்னா பெருமை, நெஞ்சு கொள்ளாத பெருமை. "ஏ மக்கா, நீங்க பருந்தையே ஏச்ச கோழியாக்கும்!"னு சொல்லிச் சிரிச்சா.

இங்க இப்படி இருக்க, அந்த ஆதிமூலம் என்ன செஞ்சான்? தேரிக்காட்டு ஊர்லயெல்லாம் வெள்ளைக் கோழி அழிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரியும். ராசாகிட்ட உண்மையச் சொன்னா பதவி போயிருமே! கடற்கரை ஊருச் சனங்களோட வெள்ளைக் கோழிய அதட்டிப் பிடிச்சுட்டு வந்து, "எல்லாம் தேரியில வளந்தது மகாராசா"ன்னு காட்டிக்கிட்டே மூணு கொடைய ஓட்டிட்டான். நாலாம் கொடைக்கு முன்ன, கூடு பாக்கிறேன்னு பூரணம் வீட்டுக்கு வந்தான். வந்தவனுக்குக் கண்ணு பிதுங்கிட்டு.

"ஏட்டி! வெள்ளைக் கோழிய எங்க? என்ன இது, காவி பூசி வச்சிருக்கியா?"

"கழுவிப் பாருங்க எசமான்."

கழுவினான். பச்சைத் தண்ணியில கழுவினான், போகல. அரிசி களைஞ்ச தண்ணியில கழுவினான், போகல. சீயக்காய் போட்டுத் தேய்ச்சான், அப்பவும் போகல. கோழிதான் அவன் கையக் கொத்திட்டு ஓடிச்சு. தெருவே சிரிச்சுட்டு. அவனுக்கு ரோசம் தாங்கல. அவளப் பிடிச்சு ராசா முன்னால கொண்டுபோய் நிறுத்திட்டான்.

"மகாராசா, இவ உங்க கோழியத் தினம் காவியில பொரட்டியிருக்கா. பொரட்டிப் பொரட்டி காவி ரெத்தத்துல ஊறி, பொறக்கிற குஞ்செல்லாம் சிவப்பாயிட்டு. இவ கூட்டக் கொளுத்தி, இவள எல்லை தாண்டி விரட்டணும்!"

கூட்டக் கொளுத்தணும்னு சொன்னதும் பூரணம் ஒரு எட்டு முன்னால வந்தா. தலை குனியல.

"மகாராசா, நான் ஒண்ணும் செய்யல. செஞ்சது பருந்து."

சபையே கொல்லுன்னு சிரிச்சுது. ராசாவும் சிரிச்சாரு. "பருந்து வந்து உன் கோழிக்குச் சாயம் பூசிச்சாக்கும்?"

"பூசல மகாராசா. ஒரு கோழியும் ஒரு எறகுகூட மாறல. வெள்ளையாப் பொறந்தது வெள்ளையாவே செத்துது. சிவப்பாப் பொறந்தது பொழைச்சுக் கெடந்து குஞ்சு பொரிச்சுது. கண்ணுக்குத் தெரிஞ்சத பருந்து தூக்குச்சு, தெரியாதது மிச்சம். மிச்சம் கெடந்தது முட்டை இட்டுது. இதுல என் கை எதையும் பூசவுமில்ல, மாத்தவுமில்ல."

"பொய்!"ன்னு குதிச்சான் ஆதிமூலம். "கோழிய நாம பழக்கினா பழகும். அது பழகினா அது குஞ்சுக்கும் வரும். என்கிட்டக் குடுங்க, நானும் காவியில பொரட்டிச் சிவப்புக் குஞ்சு பொறக்க வச்சுக் காட்டுதேன்!"

பூரணம் விடுவாளா? "சரி எசமான், காட்டுங்க. நீங்க பொரட்டின கோழிக்குச் சிவப்புக் குஞ்சாப் பொறந்துட்டா, நானே என் கூட்டுக்குத் தீய வச்சுட்டு எல்லை தாண்டிப் போறேன்."

ராசா ஒத்துக்கிட்டாரு. செந்தேரியிலயே ஆதிமூலத்துக்குக் கூடு கட்டியாச்சு, அரண்மனையிலயிருந்து பத்து வெள்ளைப் பெட்டையும் ஒரு வெள்ளைச் சேவலும் வந்துது. காலையில ஒரு தடவை காவி, மத்தியானம் ஒரு தடவை காவி, சாயந்தரம் ஒரு தடவை காவி. மூணு மாசம். முழங்கை வரைக்கும் செக்கச் செவேல்னு ஆயிட்டு ஆதிமூலத்துக்கு. கோழிகளும் அரைச்ச மிளகா மாதிரி சிவந்து நிக்குது. ஊருச்சனம் பூரணத்துக்கிட்ட வந்து, "என்னக்கா, நெசமாவே சிவந்துட்டே?"ன்னு கேட்டாக. "கோழி சிவக்கட்டும், முட்டை உடைஞ்சு குஞ்சு வரட்டும், அப்பம் பாப்போம்"னு சொல்லிட்டு அவ பாட்டுக்குக் குருணை பொடைச்சா. ஆனா உள்ளுக்குள்ள பயந்தா. ஒருவேளை அவன் சொன்னது சரியாப் போயிட்டா? கூட்டப் பாத்தா, கோழியப் பாத்தா, சோறு எறங்கல அவளுக்கு.

அடை வச்சு இருபத்தோரு நாள் ஆச்சு. ராசாவே பரிவாரத்தோட வந்து கூட்டு முன்னால உக்காந்தாரு. முட்டை விரிஞ்சுது. ஒண்ணு, வெள்ளை. ரெண்டு, வெள்ளை. மூணு, வெள்ளை. ஆதிமூலத்துக்கு வேர்த்துக் கொட்டுது. முப்பதுல இருபத்தொம்பது வெள்ளை. கடைசியா ஒண்ணே ஒண்ணு, துருப்பிடிச்ச சிவப்பு.

"பாத்தியளா மகாராசா! நான் பழக்கினது!"ன்னு துள்ளினான்.

"அப்பம் மத்த இருபத்தொம்பதும் அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரலையோ எசமான்?"னு கேட்டா பூரணம். "பூசாம வச்சிருந்த என் கூட்டுலயே முப்பதுக்கு மூணு வந்துது."

ராசாவுக்கே சிரிப்பு வந்துட்டு. ஆனாலும் மனுசன் யோசிச்சாரு. "தாயி, பழக்கினா வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா பருந்துதான் செஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து நாள் கழிச்சு வாங்க. குடைய மடக்கிட்டு, பனை மறைவுல ஒரு பகல் சும்மா உக்காருங்க. பருந்த ஆரும் விரட்டப்படாது."

அதே மாதிரி வந்தாரு. ராசா மண்ணுல உக்காந்து நீங்க பாத்திருக்கியளா? உக்காந்தாரு. ஆதிமூலம் கூட்டுத் தாய்க்கோழி அந்தக் குஞ்சுகளக் கூட்டிட்டு மேயுது. மேல ஒரு நிழல் ஓடிச்சு. கோழி கத்திச்சு, எல்லாம் படுத்துது. பருந்து எறங்கிச்சு, வெள்ளையில ஒண்ணத் தூக்குச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி நிழல், மறுபடி எல்லாம் படுத்துது, வெள்ளையில ஒண்ணு போச்சு. மூணாந்தடவையும் நிழல், மூணாந்தடவையும் வெள்ளை. "அந்தச் சிவப்பு எங்க போச்சு? அதத்தான் முதல்ல தூக்கியிருக்கும்!"னு ராசா எந்திரிச்சு ஒரு எட்டு வச்சாரு.

"மகாராசா! கால வைக்காதிய!"ன்னு அலறினா பூரணம்.

ராசா தூக்கின கால அப்படியே நிறுத்திட்டாரு. கீழ குனிஞ்சு பாத்தாரு, ஒண்ணும் தெரியல. இன்னும் குனிஞ்சாரு. அவர் பாதத்துக்கு நேர் கீழ, மண்ணுல மண்ணா, ரெண்டு சின்னக் கண்ணு முழிச்சுப் பாக்குது. அந்தச் சிவப்புக் குஞ்சு! மேல இருந்து பாத்த பருந்துக்கும் தெரியல, காலடியில பாத்த ராசாவுக்கும் தெரியல!

ராசா அதக் கையில எடுத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பொறவு சொன்னாரு, "தாயி, நான்தான் முட்டாள். சிவப்புதான் உசத்தி! நாளைக்கே சீமை பூரா சிவப்புக் கோழிதான்னு தண்டோரா போடுதேன்!"

பூரணம் தலையில அடிச்சுக்கிட்டா. "ஐயோ மகாராசா, இன்னும் புரியலயே! இதே சிவப்பக் கடல் மணல்ல கொண்டு விடுங்க, ஒரே வாரத்துல ஒண்ணு மிஞ்சாது. அங்க வெள்ளைதான் ராணி. என் கோழி உலகத்துலயே உசந்த கோழின்னு நான் சொல்லல. ஆனா இந்த மண்ணுல, இந்தப் பருந்துக்குக் கீழ, இதுக்கு மேல ஒரு கோழி கெடையாது. அத எந்தச் சபையில வேணும்னாலும் நிமிந்து நின்னு சொல்லுவேன். நீங்க ஒரு உபகாரம் செய்யுங்க. தண்டோராவே போடாதிய. எல்லா நெறமும் பொறக்கட்டும். எது தங்கணும்னு அந்தந்த மண்ணு பாத்துக்கிடும்."

ராசாவும் சரின்னு பழைய தண்டோராவ எடுத்துட்டாரு. அந்தந்த மண்ணு இப்படிப் பாத்து மிச்சம் வைக்கிறதுக்குத்தான் உங்க புத்தகத்துல இயற்கைத் தேர்வுன்னு பேரு போட்டிருக்காகளாம். ஒரு கூட்டுக்கு மூணு வருசத்துல இவ்வளவு ஆகும்னா, மலையிலயும் கடல்லயும் இருக்கிற உசுருக்குக் கோடிக்கணக்கான வருசம் குடுத்தா என்னெல்லாம் ஆகியிருக்கும்னு நீங்களே யோசிங்க, நான் எதுக்குச் சொல்லணும்?

ஆதிமூலம் என்ன ஆனான்? கடற்கரைச் சனங்க வந்து, அவன் பிடிச்சுட்டுப் போன கோழிக் கதையெல்லாம் ராசாகிட்ட அவுத்துவிட்டாக. ராசா அவனக் கொல்லல, எல்லை தாண்டி விரட்டல. "காவியில பொரட்டினா பிள்ளைக்கும் வரும்னு சொன்னேல்லா? இன்னையிலேருந்து நீயே மூணு வேளையும் காவியில பொரளு. உனக்குச் சிவப்பாப் பேரப்பிள்ளை பொறக்கிற அன்னைக்கு வா, பதவியத் திருப்பித் தாரேன்"னுட்டாரு.

அவனும் பொரண்டான், பொரண்டான், பொரண்டுகிட்டே இருந்தான். ரெண்டு வருசம் கழிச்சு அவன் மக வயித்துல ஒரு பேத்தி பொறந்தா. ஊரே ஓடிப்போய் எட்டிப் பாத்துது. பிள்ளை அவ அம்மையப் போலவே கருகருன்னு, அழகுன்னா அழகு! ஆதிமூலம் காவிக் கையோட அந்தப் பிள்ளைய வாங்கி வச்சுக்கிட்டு, சிரிக்கவா அழுகவான்னு தெரியாம நின்னான்.

பூசினது குளிச்சாப் போயிரும் பிள்ளைகளா, பொறப்புல வந்ததுதான் பிள்ளைக்குப் போகும். செந்தேரிக் கோழி இன்னைக்கும் மேயுது, கண்ணிருந்தா கண்டுபிடிங்க. கதை அவ்வளவுதான், போய்க் கையக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க!