தூக்கி நின்றுகொண்டிருந்தது

"என்னால இனி அதோட சேந்து வேலை செய்ய முடியாது, சிஸ்டர்."

வள்ளிநாயகி ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. முதியோர் மருத்துவமனையில், எழ முடியாதவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைக்கிற வேலை.

அந்த வேலையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஜெசிந்தா. வார்டு பொறுப்பாளர். வயதில் பன்னிரண்டு வருடம் இளையவள்.

"தூக்கி என்ன செஞ்சுது?"

நோயாளிகளைத் தூக்கும் ரோபோவுக்கு அங்கே அதுதான் பெயர்.

"ஒண்ணும் செய்யல. அதான் கஷ்டம். முன்ன என்கூட வேலை பாத்த மாடத்தி இருந்தப்ப ரெண்டு பேரும் சேந்து தூக்குவோம். ரெண்டு பேருக்கும் இடுப்பு வலிக்கும். ரெண்டு பேரும் கொஞ்சம் நிப்போம். இது நான் கை கழுவுறதுக்குள்ள அடுத்த கட்டில்ல போய் நிக்குது. நாலு மாசமா அது பின்னாலயே ஓடுறேன்."

ஜெசிந்தா கடிதத்தைப் பிரிக்கவில்லை. எழுந்து வார்டுக்கு நடந்தாள். வள்ளிநாயகி பின்னால் போனாள்.

ஆறாம் கட்டிலில் தங்கப்பழம் என்ற பெரியவர் படுத்திருந்தார். தூக்கி கைகளை நீட்டியபடி பக்கத்தில் நின்றது. "தூக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஜெசிந்தா சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடம் போனது.

"சிஸ்டர், அது நிக்குது."

"நிக்கட்டும்."

"பெரியவரப் புரட்டணும்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல தாயி" என்றார் தங்கப்பழம். "இப்பல்லாம் இந்த வார்டுல யாரும் உட்காருறதே இல்ல."

இன்னும் ஐந்து நிமிடம். தூக்கியின் கைகள் அப்படியே நீண்டிருந்தன.

"அக்கா, அது முகம் சுளிச்சுதா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"இல்ல."

"சீக்கிரம் வான்னு சொல்லிச்சா?"

"இல்ல."

"என்னைக்காவது சொல்லியிருக்கா?"

"இல்ல."

"அப்ப உங்கள ஓட வச்சது யாரு?"

வள்ளிநாயகி தன் கைகளைப் பார்த்தாள்.

"நான் மெதுவாப் போனா, ஆளே வேண்டாம், இது மட்டும் போதும்னு சொல்லிருவாங்களோன்னு பயம், சிஸ்டர். மாடத்திய அப்படித்தான அனுப்புனாங்க."

"ஆமா" என்றாள் ஜெசிந்தா. குரல் களைத்திருந்தது. "எனக்கும் அந்தப் பயம்தான்."

அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காருங்கக்கா."