கிணத்துப் புறா

"தனியா வேட்டைக்குப் போறதுக்கு இன்னும் நாளாகும் அண்ணாச்சி," உச்சிமாகாளி சொன்னான். "குறி ஓரளவுக்கு வந்துட்டு. மத்தது வரல."

"மத்ததுன்னா?"

"மத்ததுதான்."

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு இந்த மாதிரிப் பதில் பிடிக்காது. வாலிபத்துலருந்து இரும்புக்கடை நடத்துனவரு. ஆணி கேட்டா எத்தனை இஞ்சு, எவ்வளவு எடைன்னு திருப்பிக் கேட்டே பழகுன வாய். கடையை மகன் கையில குடுத்துட்டு, அறுவதைத் தாண்டுன வயசுல துப்பாக்கி படிக்க வந்திருக்காரு. சொல்லிக் குடுக்கிற வாத்தியாருக்கு அவரு வயசுல பாதிதான் இருக்கும்.

முன்னயெல்லாம் உச்சிமாகாளி கடைக்கு வந்தா "ஏல மாகாளி, என்ன வேணும்?"பாரு. ஏர்கன்னை அவன்கிட்ட இருந்து கையில வாங்குன அன்னைக்கே "வாத்தியாரே, நீரு"ன்னு மாறிட்டாரு. அந்த மரியாதை ரெண்டு பேருக்குமே கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.

உச்சிமாகாளிக்குத் தொழில் எலி சுடுறது. தென்னந்தோப்புல குரும்பையைக் கடிச்சுத் தள்ளுற எலியைச் சுட்டுக் குடுக்கக் கூப்பிடுவாங்க. பொழுது சாய தோப்புக்குள்ள போனான்னா விடியக்கருக்கல்லதான் வீடு. பகல்ல எங்க உக்காந்தாலும் கண்ணு சொக்கும். "என்ன மாகாளி, இப்பத்தான் எந்திச்சியா?"ன்னு யாராவது கேட்டா, "இன்னும் படுக்கல"ம்பான்.

அன்னைக்கும் அப்படித்தான் உக்காந்திருந்தான். கரிசக்காட்டு நடுவுல ஒரு பாழுங்கிணறு. மாடு பூட்டிக் கமலையில தண்ணி இறைச்ச காலத்துக் கல்லு ரெண்டு இன்னும் நிக்கிது. பக்கத்துல கரண்டு இல்லாத ஒரு பம்புசெட் ரூம். கிணத்துச் சுவத்துல இருக்கிற பொந்தெல்லாம் புறாவுக்கு வீடு. வெயில் தாழத் தாழ ஒவ்வொண்ணா வந்து அடையும். அந்த நேரத்துக்குத்தான் ரெண்டு பேரும் வேலியோர நெழல்ல காத்துக்கிட்டுக் கெடந்தாங்க.

அண்ணாச்சிக்கு அன்னைக்குப் புறா கெடச்சே ஆகணும்.

சம்பந்தி தூத்துக்குடிக்காரரு. சொந்தமா போட் வச்சிருக்காரு. கடலுக்குப் போயி தன் கையால பிடிச்ச மீனை விருந்துல வச்சுட்டு, போன தடவை ஒரு வார்த்தை சொன்னாரு. "மச்சான் கை தராசு பிடிச்ச கைல்லா. அது நிறுக்கும். பிடிக்காது." சபையே சிரிச்சுது. பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்த மக கோமதி மட்டும் சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டா. அந்தக் குனிஞ்ச தலைதான் அண்ணாச்சியை இந்தக் காட்டுக்குக் கொண்டாந்துச்சு. இன்னைக்கு ராத்திரி அவங்க எல்லாரும் விருந்துக்கு வாராங்க. 'நான் சுட்ட புறாக்கறி'ன்னு அண்ணாச்சி போன்ல சொல்லிட்டாரு.

"வந்துட்டு," உச்சிமாகாளி கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

கமலைக்கல்லு உச்சியில ஒரு புறா வந்து உக்காந்துச்சு. கழுத்துல பச்சை மின்னுச்சு.

அண்ணாச்சி குழாயை மடக்கி, ரவையை வச்சு, நிமித்துனாரு. முட்டியை ஊனி ஒரு கண்ணை மூடுனாரு. மூச்சை நிப்பாட்டச் சொல்லியிருந்தான். நிப்பாட்டுனாரு. விசையை இழுத்தாரு.

இறகு ரெண்டு தனியாப் பறந்துச்சு. புறா கல்லுல இருந்து சரிஞ்சு, ஒத்தச் செறகை அடிச்சுக்கிட்டே கிணத்துக்குள்ள விழுந்துச்சு.

"பட்டுட்டு வாத்தியாரே, பட்டுட்டு."

"பட்டுட்டு," உச்சிமாகாளி எந்திச்சு நடந்தான். கிணத்து விளிம்புல நின்னு எட்டிப் பாத்தான். "தண்ணியில இல்ல. பொந்துக்குள்ள போயிட்டு."

அண்ணாச்சிக்கு அது காதுல ஏறல. சத்தத்துக்குக் கிணத்துக்குள்ள இருந்து கலைஞ்சு பறந்த கூட்டம் ஒரு சுத்து சுத்திட்டு வந்து பம்புசெட் ரூம் கைப்பிடிச் சுவத்துல வரிசையா உக்காந்துச்சு. நல்ல கிட்டத்துல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு.

அவரு குழாயை மடக்கிட்டு ரவை டப்பாவுக்குக் கை நீட்டுனாரு. டப்பா அங்கன இல்ல. உச்சிமாகாளி சட்டைப் பையில இருந்துச்சு.

"டப்பாவக் கொடும் வே. பறந்துரும்."

"அது என்னாச்சு அண்ணாச்சி?"

"எது?"

"உள்ள போனது."

இது அவன் மொத நாளே சொன்ன விசயம். அடிபட்டது கைக்கு வராம அடுத்த ரவை ஏறக்கூடாது. அன்னைக்கு அண்ணாச்சி கடையில மாட்டுற 'கடன் கேக்காதீர்' போர்டைப் படிக்கிறவன் மாதிரித் தலையாட்டி வச்சாரு. உசுருள்ளதுமேல குறி தவறியே வந்ததால இதுவரைக்கும் அதுக்கு வேலை வரல.

"செத்திருக்கும்," அண்ணாச்சி சொன்னாரு.

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா?"

உச்சிமாகாளி பீடியைப் பத்த வச்சான்.

"இங்க பாரும் வாத்தியாரே. அது பாதாளத்துல கெடக்கு. இது கண்ணு முன்னால இருக்கு. ரெண்டு மூணைத் தட்டிட்டு அப்புறமா அதைத் தேடுவோம். யாரு தேடலங்கா?"

"சரி."

"டப்பா?"

"தேடுனப்புறம் தாரேன்."

அண்ணாச்சிக்குச் சுள்ளுன்னு ஏறுச்சு. கடையில இப்படி ஒருத்தன் பேசியிருந்தா வெளிய அனுப்பியிருப்பாரு. பொழுதைப் பாத்தாரு. பனைக்குக் கீழ இறங்கிட்டு இருந்துச்சு. சுவத்துமேல புறா இன்னும் உக்காந்துதான் இருந்துச்சு.

"அப்ப நீரு இறங்கி எடுத்துட்டு வாரும். நீரு சின்ன ஆளு."

"நானா அடிச்சேன்?"

அண்ணாச்சி ஏர்கன்னைக் கல்லுமேல சாத்துனாரு. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுனாரு. "சம்பந்திக்கு விருந்து வைக்கப் போயி எனக்குக் காரியம் வைப்பாங்க போல"ன்னுட்டு விளிம்புல உக்காந்து காலைத் தொங்கவிட்டாரு.

கிணத்துச் சுவத்துல படிக்கல்லு ஒவ்வொண்ணா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு ஆளு கால் வைக்கிற அகலம். பிடிக்கிறதுக்குச் சுவத்துல முளைச்ச அரசங்கன்னு. கீழ பச்சைப் பாசித் தண்ணி. உச்சிமாகாளி மேல குத்தவச்சு, "அடுத்தது எடது பக்கம், அந்தக் கல்லு ஆடும், அதுக்கு அடுத்ததுல மிதிங்க"ன்னு தூக்கக்கலக்கத்தோடயே சொல்லிக்கிட்டு வந்தான். கல்லு எதையும் அவன் மாத்திச் சொல்லல. இந்தக் கிணத்துல அவன் இறங்காத நாள் கொஞ்சம் போலன்னு அண்ணாச்சி நெனச்சாரு.

பொந்து வந்துச்சு. வாசல்ல ஒரு சொட்டு ரத்தம். உள்ள இருட்டு.

"வாத்தியாரே, உள்ள பாம்பு கெடந்தா?"

"புறா உள்ள போச்சுல்லா. அது நம்மளை விட நல்லாப் பாத்திருக்கும்."

"அதுக்கு வேற வழி இல்ல வே. அதான் போச்சு."



"அதுவும் சரிதான்," உச்சிமாகாளி சொன்னான்.

அண்ணாச்சி கையை விட்டாரு. முழங்கை போச்சு. தோள் வரைக்கும் போச்சு. கன்னம் சுவத்துல ஒட்டுச்சு, கல்லு சில்லுன்னு இருந்துச்சு. காஞ்ச சுள்ளி, எச்சம், பழைய முட்டை ஓடு. அதுக்கும் அந்தப் பக்கம் விரலுக்குச் சூடா ஒண்ணு பட்டுச்சு.

அது கொத்தல. இன்னும் உள்ள நகந்து போச்சு. இடம் முடிஞ்சு போயி நின்னுட்டு.

"இரு, இரு, வந்துட்டேன்"னாரு அண்ணாச்சி. யாருக்குச் சொன்னோம்னு அப்புறம்தான் அவருக்கு உறைச்சுது.

உள்ளங்கைக்குள்ள எடுத்தப்ப அதோட நெஞ்சு தையல் மிஷின் மாதிரி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதைத் துண்டுல சுத்தி இடுப்புல கட்டிக்கிட்டாரு. ஏறி வாரதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு கல்லுக்கும் நின்னு மூச்சு வாங்குனாரு. இடுப்புல அந்தச் சூடு அசையிறப்பெல்லாம் இவரும் நின்னாரு. ஏறி முடிக்கையில வெயிலு மஞ்சளாயிட்டு. மண்ணுலயே உக்காந்துட்டாரு.

துண்டைப் பிரிச்சாரு. ஒரு செறகு வேரோட ஒடிஞ்சு தொங்குச்சு. கண்ணு மட்டும் முழுசா இருந்துச்சு. சின்னதா, செவப்பா, சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு.

"பொழைக்குமா?"

"பொழைக்காது."

"அப்ப?"

"இப்படியே வீட்டுக்குக் கொண்டு போனா போற வழியெல்லாம் நோவும்."

அண்ணாச்சி அதை அவன் பக்கமா நீட்டுனாரு. உச்சிமாகாளி கையை நீட்டல.

"ரெண்டு விரலைக் கழுத்துல குடுங்க. நல்லா இறுக்கி, ஒரே இழுப்பு. தயங்குனா அதுக்குத்தான் கஷ்டம்."

அண்ணாச்சி விரலை வச்சாரு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு.

"கண்ணைத் திறங்க அண்ணாச்சி. சுடும்போது ஒரு கண்ணைத்தான மூடுனீங்க."

திறந்தாரு. இழுத்தாரு.

கொஞ்ச நேரம் செறகு அடிச்சுது. நல்லா இருந்த செறகு மட்டும். அப்புறம் அதுவும் நின்னுட்டு. கையில சூடு மட்டும் அப்படியே இருந்துச்சு.

உச்சிமாகாளி சட்டைப் பையில இருந்து டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டுனான்.

"கைக்கு வந்துட்டு. இப்ப ஏத்தலாம்."

அண்ணாச்சி நிமிந்து பாத்தாரு. கைப்பிடிச் சுவத்துல புறா வரிசை அப்படியே இருந்துச்சு. முன்னைக்கும் கிட்ட வந்து ஒண்ணு கமலைக்கல்லுலயே உக்காந்து கழுத்தைச் சிலுப்புச்சு. அவரு ஒரு ரவையை எடுத்தாரு. உள்ளங்கையில உருட்டிப் பாத்தாரு. எடை போட்டே பழகுன கை. அதுக்கு எடையே தெரியல.

திரும்ப டப்பாக்குள்ளயே போட்டாரு.

போன் அடிச்சுது. வீட்டம்மா. "சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தாச்சு. இஞ்சி பூண்டு அரைச்சு ரெடியா இருக்கு. எத்தனை உருப்படி?"

"கடைக்கு ஆளனுப்பிக் கோழி வாங்கச் சொல்லு."

போனுக்குப் பின்னால சம்பந்தி கேக்கிறது இவருக்கே கேட்டுது. "என்னவாம் மச்சானுக்கு? தராசு என்ன சொல்லுது?" சிரிப்பு. அப்புறம் போன் கை மாறுச்சு. கோமதி.

"அப்பா, ஒண்ணும் கெடைக்கலியா?"

"கெடச்சுதும்மா."

"எத்தனை?"

"ஒண்ணு."

அவ பின்னால இருந்தவங்களுக்கும் கேக்கட்டும்னே சத்தமாக் கேட்டா. "நீங்களே சுட்டதாப்பா?"

"நானேதாம்மா."

"சரிப்பா. பாத்து வாங்க," வச்சுட்டா.

அண்ணாச்சி போனை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. உச்சிமாகாளி கன்னைத் துடைச்சுக்கிட்டு இருந்தான். புறா ஒவ்வொண்ணாக் கிணத்துக்குள்ள இறங்குச்சு. உள்ள இருந்து அதுங்க குரல் வந்துச்சு.

"ராத்திரி தோப்புல சுடுத எலியையும் இப்படித்தான் தேடுவீரா வாத்தியாரே?"

"ஆமா."

"எலியைக்கூடவா?"

"மட்டைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிடும். மரத்துல ஏறிப் பாக்கணும். சிலது வாய்க்கால்ல போயிக் கெடக்கும்."

"தோப்புக்காரனுக்கு அது வேணுமா?"

"அவனுக்கு எதுக்கு?"

அண்ணாச்சி கையில இருந்ததைப் பாத்தாரு. சூடு குறைஞ்சுக்கிட்டு வந்துச்சு. "தினம் தினம் செய்யுதீரே வே. நாளாக நாளாகப் பழகிப் போயிராதா?"

உச்சிமாகாளி கொட்டாவி விட்டான். கண்ணைத் தேய்ச்சுக்கிட்டான்.

"பழகிரும்னுதான் அண்ணாச்சி நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒவ்வொண்ணும் புதுசாத்தான் கெடக்கு."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோப்புல இருந்து ஒரு குரல் வந்துச்சு. "ஏ மாகாளி, பொழுது விழுந்துட்டு. எலி இறங்க ஆரம்பிச்சுட்டு. வாரியா, வேற ஆளைப் பாக்கட்டுமா?"

"வாரேன் வே," உச்சிமாகாளி கன்னைத் தோள்ல போட்டான். வேட்டியைத் தட்டிட்டு, வரப்புல ஏறி நடந்தான்.