கொம்பு முளைக்காத செம்பன்

கிட்ட வந்து உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் பன்றி சொன்னதை மந்தி சொன்னதாக எடுத்துக்கொண்டு போவீர்கள்.

மலையடிக் காட்டில் செம்பன் என்று ஓர் ஆண் புள்ளிமான். வயசு வந்தும் அவனுக்குக் கொம்பு வரவில்லை. சோட்டுப் பயல்களுக்கெல்லாம் சாண் நீளம் வளர்ந்தாயிற்று. இவன் தலையில் மட்டும் பாக்கு மாதிரி இரண்டு குமிழ். மேய்ந்த இடத்திலேயே படுத்துக் கிடந்து உடம்புதான் கொழுத்திருந்தது. கத்தினாலும் குட்டிக் குரல்தான்.

அந்த மான் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் மழை விழுந்ததும் இளவட்டமெல்லாம் மருத மரத்தில் கொம்பை உரச வேண்டும். பட்டையில் கீறல் விழுந்தால்தான் ஆற்றுக்கு அக்கரை போகும் பெரிய கூட்டத்தில் இடம். விழாதவன் இன்னொரு வருஷம் குட்டிகளோடு குளத்தங்கரையில் கிடக்க வேண்டியதுதான். போன வருஷம் செம்பன் அப்படித்தான் கிடந்தான்.

"மாமா, உங்க தலையில யாரு பாக்கை வெச்சு மறந்துட்டுப் போனது?" என்று குட்டிகள் கேட்டன.

மனசு பொறுக்காமல் காட்டுப்பன்றியிடம் போய் அழுதான்.

"கொம்புக்குச் சத்து வேணும் மருமகனே. விதைக்கு உரம் போடாம எது முளைக்கும்? என் கூட வா," என்றது பன்றி.

மலைக்கோயில் அடிவாரத்தில் தினமும் அன்னதானம். மிஞ்சியதெல்லாம் பின்பக்கம் குவியும். சர்க்கரைப் பொங்கல், வடை, வாழைப்பழம். பன்றி குவியலுக்குள் தலையை விட்டுத் தின்னும். செம்பன் பக்கத்தில் நின்று தின்பான். ஆள் வரும் சத்தம் கேட்டால் அவன் காது விறைக்கும். அதைப் பார்த்துப் பன்றி முதலில் ஓடிவிடும். பன்றிக்கு வேண்டியது அந்தக் காதுதான். செம்பனுக்கு அது புரியவில்லை. கொம்பு வரவில்லையே என்று இன்னும் தின்றான். தின்னத் தின்ன வயிறு தொங்கியதே தவிர, பாக்கு பாக்காகவே இருந்தது.

மழைக்கு ஐந்து மாதம் இருந்தது. கருமூஞ்சி என்ற மந்தி மரத்திலிருந்து கூப்பிட்டது.

"தம்பி, கொம்புக்கு என்கிட்ட மருந்து இருக்கு. ஒரு மரத்துக்கு ஒரு கை தழை. அடுத்த கைக்கு அடுத்த மரம் வரணும்."

"பொங்கல் திங்கலாமா அக்கா?"

"மருந்துன்னா பத்தியம் இருக்காதா? பொங்கல் பக்கமே போகாதே."

மந்தி தாவும். தழை விழும். செம்பன் ஓடுவான். முதல் நாள் மூன்றாவது மரத்திலேயே மூச்சு இரைத்தது. ஒரு மாதம் போனதும் முப்பது மரம் தாண்டினான்.

பன்றி வழியை மறித்துப் பார்த்தது. "தழை தின்னு கொம்பு வரும்னா, ஆட்டுக்குட்டிக்கு ஆனைத் தந்தமே வந்திருக்கணுமே மருமகனே."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. செம்பனுக்குக் கால் தயங்கியது. ஆனாலும் குட்டிகளின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. விலகி ஓடினான்.

கொம்பு சீக்கிரம் வரட்டும் என்று ஒரு தடவை மூன்று நாள் பட்டினியும் கிடந்தான். கருமூஞ்சி தரைக்கே இறங்கி வந்து திட்டியது. "வயித்தைக் காயப் போட்டா ஊறுற சாறும் வத்திரும்டா. தின்னுட்டு ஓடு."

மழை விழுந்தது. செம்பனின் கொம்பு சாண் நீளம் எல்லாம் இல்லை, நாலு விரல்தான். மருத மரத்தில் தலையைச் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்தான். பட்டை கீறிக்கொண்டு வந்தது. கத்தினான். குரல் கரகரவென்று கட்டையாக வந்தது.

"அக்கா, அது என்ன தழை?"

"ஆடு தின்கிற தழைதான். ஆம்பளையா வளர ஊறுற சாறு உன் உடம்புலயே இருந்துச்சு. சேர்ந்த கொழுப்பு அதைக் கெடுத்துக்கிட்டு இருந்துச்சு. கொழுப்பு கரைஞ்சது, சாறு தன் வேலையைப் பார்த்துச்சு."

செம்பன் ஆற்றைத் தாண்டிப் போன அன்றைக்கே, பன்றி குளத்தங்கரைக்கு வந்து ஒரு கொழுத்த குட்டியை "மருமகனே" என்று கூப்பிட்டது. கருமூஞ்சி அந்தக் குட்டிக்கு முன்னால் ஒரு கை தழையைப் போட்டுவிட்டு, அடுத்த மரத்துக்குத் தாவியது.

வளர்கிற வயசில் உடம்புக்கு வேண்டியது கிடைக்கிற தீனியெல்லாம் அல்ல, அளவான தீனியும் ஓடுகிற காலும்தான்.