சனி வந்து சேரும் இடம்

மார்கழி ஆறாம் நாள், மாலை ஏழு மணி. மூன்று நாள் மழை விட்டு, பாளையங்கோட்டை வானம் துடைத்து வைத்த கண்ணாடிபோல் தெளிந்திருந்தது.

பொருநை அடுக்ககத்தின் மொட்டைமாடியில் பன்னிரண்டு வீட்டாரும் கூடியிருந்தனர். நடுவே, முக்காலியின் மேல், சங்கரபாண்டியனின் சிறிய தொலைநோக்கி நின்றது. அவருக்கு வயது அறுபத்திரண்டு. பேருந்து நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆசிரியை ஜெபக்கனிக்கு இருபத்தேழு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துபவர். வானம் பார்க்க விரும்புவோருக்கு மாலையில் கற்றுத் தருபவர். அன்று தண்ணீர்த் தொட்டியின் படியில் அமர்ந்து, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தைய வாரம், சங்கரபாண்டியன் அந்தக் குழாயால் அடுத்தவர் வீட்டு ஜன்னலை நோட்டமிடுகிறார் என்றொரு புகார் எழுந்ததும், குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆவுடையப்பன் மாடிக் கதவைப் பூட்டிவிட்டார்.

"சனி கிரகத்தைத்தான் பார்க்கேன்னு சொல்லுதீரே, அதை எங்களுக்கும் காட்டும். கண்டா சாவி உமக்கு. இல்லைன்னா குழாயைப் பொதிஞ்சு பரண்ல போடும்." அவர் விதித்த நிபந்தனை அது.

முதலில் வந்தவரும் அவரே. சங்கரபாண்டியன் தம்மிடமிருந்தவற்றுள் மிகப் பெரிதாக்கிக் காட்டும் கண்வில்லையைப் பொருத்தி, சனியைத் தேடிப் பிடித்து, நூல் பிடித்தாற்போல் நடுவில் நிறுத்தினார். வளையம் தெளிவாகத் தெரிந்தது. மனம் நிறைந்து விலகி நின்றார்.

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று யோசித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு குனிந்தார்.

"ஒரே இருட்டால்லா இருக்கு."

சங்கரபாண்டியன் பார்த்தார். உண்மைதான். பூமி சுழலும் வேகத்தில், அரை நிமிடத்துக்குள் சனி விளிம்பைத் தாண்டியிருந்தது. துரத்திப் பிடித்து மறுபடியும் நடுவில் நிறுத்தினார். இரண்டாமவர் குனிவதற்குள் அது மீண்டும் போய்விட்டது. மூன்றாமவருக்கும் அப்படியே. மார்கழிக் குளிரில் அவருக்கு வேர்த்தது.

"சனி பார்த்துருமேன்னு ஊரே பயந்து எள்ளு விளக்கு ஏத்துது. இவரைக் கண்டா சனியே பயந்து ஓடுது," என்றார் ஆவுடையப்பன். மாடி சிரித்தது.

சங்கரபாண்டியன் தொட்டியருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "டீச்சரம்மா, நான் பார்க்கும்போது இருக்கு. நகர்ந்தா இல்லை. என்ன செய்யட்டும்?"

"கிளம்பின பஸ்ஸுக்குப் பின்னால ஓடுறவங்களப் பார்த்திருக்கீங்களா, அண்ணாச்சி?"

"தினமும். செருப்பு போனவன் உண்டு, பல்லு போனவன் உண்டு."

"பஸ் ஏறினவங்க எங்க நின்னாங்க?"

அவர் திரும்பித் தொலைநோக்கியைப் பார்த்தார்.

ஜெபக்கனி எழுந்து வந்தார். ஒருமுறை பார்த்துவிட்டு, குழாயை ஒற்றை விரலால், சனி நகரும் மேற்குப் பக்கம், சற்று முன்னே தள்ளினார். சங்கரபாண்டியன் பதறிக் குனிந்தார். வெறும் இருள்.

"கையில இருந்ததையும் விட்டுட்டீங்களே."

"கீழ்வீட்டு அக்காவை வரச் சொல்லுங்க."

இசக்கியம்மாள் முழங்கால் வலிக்காரர். மூன்று மாடி ஏறிய மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. ஒவ்வோர் அடியாக வந்து, முக்காலியைத் தொடாமல் குனிந்தார்.

"ஒண்ணுமில்லையே, பிள்ளே."

"இருங்க அக்கா. கண்ணை எடுக்காதீங்க."

வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்தனர்.

"ஏ ஆத்தா," என்றார் இசக்கியம்மாள் மெல்ல. "வருது. ஓரத்துல இருந்து வருது. இடுப்புல ஒட்டியாணம் போட்டுக்கிட்டுல்லா வருது."

ஜெபக்கனி திரும்பிப் போய்ப் படியில் அமர்ந்துகொண்டார்.

எந்த ஓட்டுநர் எத்தனை நிமிடம் பிந்துவார் என்பதை அவர் நடையைக் கொண்டே சொல்லக்கூடியவர் சங்கரபாண்டியன். இப்போது அவர் வானத்தைவிட வரிசையையே அதிகம் பார்த்தார். துள்ளி வந்த கல்லூரிப் பெண்ணுக்குக் குழாயை எள்ளளவு முன்னே தள்ளினார். இடுப்பில் குழந்தையோடு வந்தவளுக்கு இன்னும் சற்று. ஆவுடையப்பனுக்கு நெல்லளவு, கண்ணாடியைக் கழற்றி, அதை வைக்க இடம் தேடும் நேரத்தையும் சேர்த்து.

ஆவுடையப்பன் நெடுநேரம் நிமிரவில்லை. சனி ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் மறையும் வரை பார்த்தார்.

"எனக்கு ஏழரை நடக்குது ஓய்," என்றார் கண்ணை எடுக்காமலே. "ஆளு இவ்வளவு லட்சணமா இருப்பான்னு ஒரு ஜோசியனும் சொல்லலையே."

பிறகு வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடியும் நின்றார்.

எல்லாரும் இறங்கிய பின், சங்கரபாண்டியன் முக்காலியை மடக்கியபடி கேட்டார்.

"நாப்பது நாளா உங்கள்ட்ட படிக்கேன். இந்தச் சூட்சுமத்தை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே, டீச்சரம்மா."

"நாப்பது நாளும் நீங்க ஒருத்தர்தானே பார்த்தீங்க, அண்ணாச்சி."

சங்கரபாண்டியன் மூடியை எடுத்து, குழாயின் வாயில் பொருத்தினார்.

அடுத்த ஞாயிறு காலை, ஆவுடையப்பன் பூட்டுக்காரரிடம் சாவி ஒன்றுக்கு எண்பது ரூபாய் கொடுத்து, மாடிச் சாவிக்குப் பன்னிரண்டு நகல் எடுத்து, வீட்டுக்கொன்றாகத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். பணம் அவருடையது.