சுருளிவாலன் குதிரை பழக்கிய கதை

ஏரிக்கரைக் காட்டில் குதிரைப் பந்தயம் என்றால் என் பெயரைச் சொல்லாத பிராணி கிடையாது. நான் ஒரு குரங்கு. பெயர் சுருளிவாலன். பன்னிரண்டு வருஷம் குதிரை மேல் உட்கார்ந்து நாற்பத்தாறு பந்தயம் ஜெயித்தவன். எண்ணத் தெரியாத கரடிகூட நாற்பத்தாறு என்று சரியாகச் சொல்லும். அத்தனை தடவை அதன் காதில் ஓதியிருக்கிறேன்.

பிறகு இடுப்பு போயிற்று. சவாரியை விட்டேன். அப்போதுதான் பெரியகொம்பன் யானை என்னைக் கூப்பிட்டது. யானைக்கு எதற்குக் குதிரை என்று கேட்காதீர்கள். பெரிய இடத்து ஆசை.

"என் குதிரை வெண்காலியை நீ பழக்கு. அடுத்த மாசப் பந்தயத்தில் தோத்தா, அதை மலைச்சரிவுக்குக் கட்டை இழுக்க அனுப்பிடுவேன்" என்றது யானை.

கட்டை இழுக்கப் போன குதிரை எதுவும் நல்ல காலோடு திரும்பியதில்லை.

"கவலையை விடுங்க ஐயா. நாற்பத்தாறு ஜெயிச்சவன் நான்" என்றேன்.

உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சவாரிக்காரன் எடை கூடக் கூடாது. பந்தயத்துக்கு முன்னால் பத்து நாள் கால் வயிறுதான் சாப்பிடுவேன். உச்சி வெயிலில் பாறைமேல் படுத்து வியர்த்துக் கொட்டுவேன். எனக்குப் பலித்த அந்த வைத்தியத்தையே வெண்காலிக்கும் போட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

காலையில் ஒரு கைப்பிடி புல். அதுவும் குரங்குக் கைப்பிடி. மத்தியானம் பாறைமேல் நிற்க வேண்டும்.

"வாத்தியாரே, பசிக்குது" என்றது வெண்காலி.

"பசிச்சாத்தான் ஜெயிக்க முடியும். நான் அப்படித்தான் ஜெயிச்சேன்."

"கால் நடுங்குதே."

"எனக்கும் நடுங்கும். பழகிடும்."

யானை தினமும் அனுப்பிய கொள்ளு மிச்சமாயிற்று. வீணாக்கலாமா? நானே தின்றேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொழுப்பைக் கரைக்கும் மருந்தாக நினைத்து மூன்று வேளையும் தின்றேன். மருந்து வேலை செய்யவில்லை. மாசக் கடைசியில் வெண்காலியின் விலா எலும்பை எண்ண முடிந்தது. என் கழுத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

பந்தய நாள் வந்தது. வெண்காலி மேல் ஒரு கீரி ஏறிக்கொண்டது. கொம்பு ஊதியதும் மற்றக் குதிரைகள் பறந்தன. வெண்காலி நூறடி ஓடியது. நின்றது. கரையோரப் புல்லில் வாயை வைத்தது. காடே சிரித்தது.

நான் மூச்சு வாங்க ஓடிப்போய்க் கெஞ்சினேன். "ஓடு தாயே, உன் பிழைப்பே இதில்தான் இருக்கு."

புல்லை மென்றபடியே வெண்காலி கேட்டது. "வாத்தியாரே, நீங்க ஜெயிச்ச நாற்பத்தாறு தடவையும் ஓடினது யாரு?"

என்னைச் சுமந்து ஓடிய குதிரைகள் என்ன தின்றன, எவ்வளவு தின்றன என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அதற்குள் யானை வந்துவிட்டது. "சரி, கட்டை இழுக்கப் போகட்டும்" என்றது. வெண்காலி புல்லை மெல்வதை நிறுத்தியது. நான் யானைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, தப்பு அதோடது இல்லை. அதைப் பட்டினி போட்டது நான். அதுக்கு வந்த கொள்ளு எல்லாத்தையும் தின்னதும் நான்தான். அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

யானை என் தொந்தியைப் பார்த்தது. வேறு சாட்சி கேட்கவில்லை.

"நீ இழுத்து எந்தக் கட்டை நகரப் போகுது? இனிமே வெண்காலிக்குப் புல் அறு. எவ்வளவு வேணும்னு அதையே கேள்" என்றது.

இப்போது நான் புல் அறுக்கிறேன். போதும் என்று வெண்காலி சொன்ன பிறகுதான் அரிவாளைக் கீழே வைக்கிறேன். போன பந்தயத்தில் அது மூன்றாவதாக வந்தது. என்ன பயிற்சி கொடுத்தாய் என்று கரடி கேட்டது. குதிரையையே போய்க் கேள் என்றேன்.

மேலே உட்கார்ந்து ஜெயித்தவன், கீழே ஓடியவனின் பசியைக் கேட்டறியாமல் யாருக்கும் வாத்தியார் ஆகக் கூடாது.